பழவேற்காட்டில் துயில்வோரின் தாயகம்

எளாவூர் நிலையத்தில் சென்னை நோக்கிச் செல்லும் புறநகர் வண்டியில் ஏறி, பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து கிழக்கே பேருந்தில் சென்றால் பழவேற்காட்டை அடைகிறோம். நம் வாசகர்களுள் பலர் மகிமை மாதா திருவிழாவுக்கென அவ்வூருக்குச் சென்றிருப்பர். மீன் வாங்கவும் ஏரியைக் காணவும் சென்றவரும் உண்டு. ஆனால் ஊருக்குள் மதில் சூழ்ந்து கிடக்கும் பழைய கல்லறைத் தோட்டத்துள் நுழைந்து பார்த்தவர் மிகச் சிலரே. அதன் வாயிலில் எலும்புக்கூட்டு உருவங்கள் இரண்டு காவலர்போல் நிற்கின்றன. உள்ளே கரிய கற்பலகைகளில் குலச் சின்னங்களும் நமக்குப் புரியாத மொழியில் நீண்ட வரிகளும் செதுக்கப்பட்டுள்ளன. அங்குத் துயில்வோர் ஒல்லாந்தர். இன்று நாம் நெதர்லாந்து என்றும் ஹாலந்து என்றும் அழைக்கும் நாட்டிலிருந்து வந்தவர்கள்.

ஒரு சிறு நாட்டின் மக்கள் பாய்மரக் கப்பலேறி, மாதக் கணக்கில் அலைகடலில் உழன்று, நம் ஏரிக் கரையில் வந்து மாண்டது ஏன்? அவர்களுடைய நாடு எத்தகையது? அவர்களால் நமக்கு நேர்ந்தது என்ன? அவர்களுள் நம் மறையினர் இருந்தனரா? இவ்வினாக்களுக்கு விடை தேட முயல்வோம்.

கடலுக்குக் கீழே ஒரு நாடு

நெதர்லாந்து என்னும் பெயருக்கே தாழ்ந்த நிலம் என்பதுதான் பொருள். ஹாலந்து என்பது அந்நாட்டின் 12 மாநிலங்களுள் இரண்டுக்கு மட்டுமே உரிய பெயர். வணிகத்தில் அவ்விரண்டும் ஓங்கி நின்றமையால் அப்பெயரே நாடு முழுமைக்கும் வழங்கலாயிற்று. பரப்பளவில் நம் தமிழகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவே. மக்கள்தொகை ஏறத்தாழ 1 கோடியே 80 இலட்சம். அந்நிலத்தில் கால் பங்குக்கு மேல் கடல் மட்டத்துக்குக் கீழே உள்ளது. சில இடங்களில் ஆறு மீட்டருக்கும் மேலான பள்ளம். ஆம்ஸ்டர்டாம் நகரின் விமான நிலையமே முன்பு ஏரியின் அடித்தளமாக இருந்த இடம். நீராவிப் பொறிகளைக் கொண்டு 1852-இல் அந்த ஏரியை இறைத்து வற்றச் செய்தனர்.

முதலில் மண்ணைக் குவித்துக் கரை கட்டுவர். பின்னர்க் காற்றாலைகளை நிறுவி உள்ளிருக்கும் நீரை வெளியே உள்ள வாய்க்கால்களுக்கு ஏற்றுவர். படத்தில் நாம் கண்டு மகிழும் அந்த அழகிய காற்றாலைகளுள் பல மாவரைக்க எழுந்தவை அல்ல. நம் ஊர் ஏற்றமும் கவலையும் செய்த வேலையை இரவும் பகலும் செய்தவை. பேம்ஸ்டர் என்னும் பெரிய ஏரியை இவ்வாறு இறைத்து விளைநிலமாக்கிய ஆண்டு 1612. அதற்கு அடுத்த ஆண்டே அம்மக்கள் பழவேற்காட்டில் கெல்திரியா என்னும் கோட்டையைக் கட்டினர். தாயகத்தில் நீரை விரட்டி நிலம் சேர்த்த அதே கைகள் இங்கே நீர்க்கரையில் கோட்டை எழுப்பின.

கரை உடைந்தால் செல்வனும் ஏழையும் ஒன்றாகவே மூழ்குவர் என்பதை அவர்கள் கண்கூடாகக் கண்டிருந்தனர். ஆகவே 13-ஆம் நூற்றாண்டிலேயே ஊரார் கூடி நீர்க் காப்புச் சபைகளை அமைத்துக்கொண்டனர். பாராளுமன்றம் தோன்றுவதற்குப் பன்னெடுங்காலம் முன்பே தோன்றிய இச்சபைகள் இன்றும் செயற்படுகின்றன. தனித் தேர்தலும் தனி வரியும் அவற்றுக்கு உண்டு. நிலம் வைத்திருந்த ஒவ்வொருவனும் தன் பங்குக்குரிய கரையைப் பேண வேண்டும். பேண இயலாதவன் தன் மண்வெட்டியைக் கரையில் ஊன்றிவிட்டு நிலத்தைத் துறந்து வெளியேற வேண்டும். அதைப் பிடுங்கி எடுப்பவனுக்கு அந்நிலமும் சேரும், கரை காக்கும் கடமையும் சேரும். கொடிய சட்டம்தான். ஆயினும் ஒருவனது சோம்பலால் ஊரே அழியும் நிலையில் வேறென்ன செய்வது என்று அவர்கள் கேட்டிருப்பர்.

பழவேற்காட்டு ஏரியின் மீனவர்களிடையே வழிவழியாக வரும் பாடு முறையை இங்கே நினைத்துப் பார்க்கிறோம். இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலை விரிக்கலாம் என்று முறை வகுத்து, நீரைப் பங்கிட்டு உண்ணும் ஏற்பாடு அது. நீரை நம்பி வாழ்வோர் எந்நாட்டவராயினும் ஒருவரை ஒருவர் விட்டு வாழ இயலாது போலும்.

கரையின் துளையைத் தன் விரலால் அடைத்து, விடியும்வரை குளிரில் நடுங்கி நின்று ஊரைக் காத்த சிறுவனின் கதையை நம் பிள்ளைகள் படித்திருப்பர். அது உண்மை நிகழ்ச்சி அன்று. மேரி மேப்ஸ் டாட்ஜ் என்னும் அமெரிக்கப் பெண்மணி 1865-இல் வெளியிட்ட நூலின் வழியே பரவிய கதை அது. ஹாலந்து மக்களே அதை அறியாதிருந்தனர். சுற்றுலாப் பயணிகள் ஓயாது கேட்கவே, 1950-இல் அச்சிறுவனுக்கு ஒரு சிலையை எழுப்பி வைத்தனர்!

ஆனால் கதையை விஞ்சிய உண்மை ஒன்று உண்டு. 1953 சனவரி 31-ஆம் நாள் இரவு பெரும்புயலும் ஓதமும் ஒன்றுசேர்ந்து கரைகளை உடைத்தன. மறுநாள் ஞாயிறு. விடிவதற்குள் தென்மேற்குப் பகுதியின் ஊர்கள் நீருள் கிடந்தன. அந்நாட்டில் 1,836 பேர் மாண்டனர். அவ்விரவில் ஓர் ஆற்றங்கரை உடையத் தொடங்கியபோது, ஆரி ஏவெக்ரூன் என்னும் படகோட்டி தன் சரக்குப் படகையே உடைப்பின் குறுக்கே கொண்டுபோய் நிறுத்தினார். படகு கதவுபோல் பொருந்தி நின்றது. கரைக்குப் பின்னிருந்த பெருநிலப்பரப்பு தப்பியது. 1984 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டா அருகே கரையைக் கடந்த புயலையும், 2004 திசம்பரில் வந்த ஆழிப்பேரலையையும் கண்ட நம் கடற்கரை மக்களுக்கு அந்த இரவின் அச்சத்தை விளக்க வேண்டுவதில்லை.

அப்பேரழிவுக்குப் பின் ஆற்று முகங்களை அணைகளால் அடைக்கத் திட்டமிட்டனர். கிழக்கு ஷெல்ட் என்னும் கழிமுகத்தையும் முற்றிலும் அடைப்பதே முதல் எண்ணம். அடைத்தால் உப்புநீர் நன்னீராகும். சிப்பியும் மீனும் அழியும். மீனவர்கள் எழுந்து நின்று எதிர்த்தனர். இயற்கையைப் பேண விழைந்தோரும் அவர்களோடு சேர்ந்தனர். நெடிய வாதத்தின் முடிவில் அரசு இறங்கி வந்தது. அடைப்பணைக்குப் பதிலாக 62 மாபெரும் இரும்புக் கதவுகள் கொண்ட தடுப்பு எழுந்தது. 1986 அக்டோபரில் பேயாத்ரிக்ஸ் அரசியார் அதைத் திறந்து வைத்தார். வழக்கமான நாள்களில் கதவுகள் உயர்ந்தே இருக்கும்; கடல் வந்து போகும். புயல் வரும்போது மட்டும் இறங்கும். செலவு பன்மடங்கு கூடியது உண்மை. ஆயினும் சிப்பி எடுப்போர் பிழைத்தனர்.

பழவேற்காட்டில் நம் மீனவர் படும் துன்பம் இதற்கு நேர்மாறானது. அங்கே முகத்துவாரத்தை மணல் அடைக்கிறது. அடைந்தால் கடல்நீர் ஏரிக்குள் வாராது. படகும் வெளியே போகாது. மீனும் இறாலும் குறையும். முகத்துவாரம் நிலையாகத் திறந்திருக்க வேண்டும் என்பது அவர்களின் நெடுநாள் கோரிக்கை. கடலை அடைப்பதில் உலகுக்கே ஆசானான நாடு, ஏழை மீனவனுக்காக அடைக்காமல் விடவும் கற்றுக்கொண்டது என்பதை நாம் குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை.

வீடும் பழக்கமும்

ஒல்லாந்தர் உலகின் மிக உயரமான மக்களுள் ஒருவர். ஆடவர் சராசரி ஆறடியை எட்டுவர். நாட்டில் மக்களைவிட மிதிவண்டிகளின் எண்ணிக்கை மிகுதி. அமைச்சரும் மிதிவண்டியில் அலுவலகம் செல்வது அங்கே செய்தியன்று. நண்பகல் உணவு பெரும்பாலும் ரொட்டியும் பாலாடைக் கட்டியும்தான். விருந்தோம்பலில் பெயர்பெற்ற நமக்கு அது சற்று ஏமாற்றமே தரும். மாலையில் வீட்டு முன்னறையின் திரைச்சீலையை மூடாமல் விடுவர். தெருவில் போவோர் உள்ளே நடப்பதைக் காணலாம். ஒருவருக்குப் பிறந்த நாள் என்றால் அவரை மட்டுமன்றி அவர் தாய், தந்தை, உடன்பிறந்தார் அனைவரையும் வாழ்த்துவர். இப்பழக்கம் நம் குடும்பங்களுக்கும் ஏற்றதே.

திசம்பர் 5-ஆம் நாள் மாலை புனித நிக்கொலாஸ் விழா. குழந்தைகள் தம் காலணியில் ஆயரின் வெண்குதிரைக்கென ஒரு கேரட்டை வைத்துவிட்டு உறங்குவர். காலையில் அவ்விடத்தில் இனிப்பு இருக்கும். புனிதர் வணக்கத்தை மறுத்த சீர்திருத்தச் சபையாரால் இவ்விழாவை ஒழிக்க முடியவில்லை. குழந்தைகளின் வேண்டுதலுக்கு வலிமை மிகுதி!

நம் உழவர் வீடுகளிலும் அந்நாட்டின் தடம் உண்டு. கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டான நிறம் கொண்டு, குடம் நிறையக் கறக்கும் பிரீசியன் கலப்பினப் பசுவின் மூதாதையர் மேய்ந்தது அந்நாட்டின் பிரீஸ்லாந்து மாநிலத்தில். காசைத் 'துட்டு' என்கிறோமே, அது டச்சு நாணயத்தின் பெயர். கழிவறைக்கு வழங்கும் 'கக்கூஸ்' என்னும் சொல்லும் அவர்கள் விட்டுச் சென்றதே.

துணியும் துயரமும்

இனி அவர்கள் இங்கு வந்த காரணத்துக்கு வருவோம். 1602-இல் நிறுவப்பட்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தேடியது கிராம்பும் சாதிக்காயும் மிளகும். அவை விளைந்த கிழக்குத் தீவுகளின் மக்களோ வெள்ளியைவிட நம் சோழமண்டலக் கரையின் துணியையே விரும்பினர். துணி வேண்டுமானால் பழவேற்காட்டுக்கு வரவேண்டும். விசயநகர மரபின் அரசர் வேங்கடபதியிடம் 1610-இல் இசைவு பெற்று அங்குக் கிடங்கு அமைத்தனர். சாந்தோமிலிருந்த போர்த்துக்கீசியர் 1612-இல் தாக்கி அதை அழித்தனர். அதன் பின்னரே 1613-இல் கோட்டை எழுந்தது. அதைக் கட்டிய தலைவர் வெம்மர் வான் பெர்க்கெம் தம் சொந்த மாநிலமான கெல்டர்லாந்தின் பெயரை அதற்குச் சூட்டினார். மலாய் மக்கள் கட்டம் போட்ட கைலியை இன்றும் 'பெலெகாட்' என்கின்றனர். பழவேற்காட்டின் பெயரே அது, நெய்தவர் நம்மவர்.

அக்கோட்டையில் 1632 முதல் பத்தாண்டு மறைபோதகராக இருந்த ஆபிரகாம் ரோகேரியுஸ், பத்மநாபன் என்னும் பிராமணரிடம் கேட்டறிந்து இந்து சமயத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் மறைந்தபின் 1651-இல் அது லெய்டன் நகரில் அச்சேறியது. பர்த்ருஹரியின் நீதிமொழிகள் ஐரோப்பியரை எட்டியது அந்நூல் வழியாகவே.

துணிமூட்டைகளோடு மனிதரும் கப்பலேற்றப்பட்டனர் என்பதையும் மறைக்காது சொல்ல வேண்டும். பஞ்சம் வந்த ஆண்டுகளில், வயிற்றுக்கில்லாத பெற்றோர் பிள்ளைகளை விற்றனர், கம்பெனியார் வாங்கினர். சோழமண்டலக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் பத்தாவியாவுக்கும் பிற தீவுகளுக்கும் அடிமைகளாகச் சென்றனர். கல்லறைத் தோட்டத்தில் கம்பெனித் தலைவர்களின் பெயர்கள் அழகுறச் செதுக்கப்பட்டு நிற்கின்றன. கப்பலேறிய நம்மவர் ஒருவருக்கும் அங்குக் கல் இல்லை. 2022 திசம்பர் 19 அன்று அந்நாட்டின் பிரதமர் மார்க் ருட்டே அடிமை வாணிகத்துக்காக அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார். 2023 சூலை முதல் நாளில் வில்லம் அலெக்சாந்தர் மன்னரும் மன்னிப்பு வேண்டினார். முந்நூறு ஆண்டு தாழ்த்தி வந்த சொல்தான். ஆயினும் ஓர் அரசன் தன் முன்னோரின் பாவத்தை மக்கள் முன் அறிக்கையிடுவது எளிதன்று.

மேல்மாடியில் ஒரு கோயில்

பழவேற்காட்டில் போர்த்துக்கீசியர் 1515-இல் மரியன்னைக்குக் கோயில் எழுப்பினர் எனத் தல வரலாறு கூறுகிறது. ஒல்லாந்தரோ கால்வினின் சீர்திருத்தச் சபையினர். அவ்வாறாயின் அவர் நாட்டில் கத்தோலிக்கரே இல்லையா என்று கேட்கலாம். இருந்தனர், மிகுதியாகவே இருந்தனர். ஆனால் 16-ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் அவர்கள் வெளிப்படையாகத் திருப்பலி காண இயலாது. ஆம்ஸ்டர்டாமில் யான் ஹார்ட்மன் என்னும் கத்தோலிக்க வணிகர் வாய்க்கால் கரையில் வீடு வாங்கி, அதன் மேல்மாடிகளை இணைத்து 1663-இல் ஒரு கோயிலை அமைத்தார். தெருவிலிருந்து பார்த்தால் வெறும் வீடு. படியேறினால் பீடம், மாடங்கள், நூற்றுக்கு மேற்பட்டோர் அமரும் இடம். அதிகாரிகளுக்கும் தெரியும். பணம் பெற்றுக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டனர். இத்தகைய மறைவிடக் கோயில்கள் நாடெங்கும் இருந்தன. மாடியில் ஆண்டவர் என்று பெயர்பெற்ற அக்கோயிலை இன்றும் காணலாம்.

அதே கம்பெனி 1658-இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியதும், கத்தோலிக்கக் குருக்களுக்கு அடைக்கலம் தருவோர்க்கு மரண தண்டனை என அறிவித்தது. தாயகத்தில் காசு வாங்கிக்கொண்டு விட்டவர்கள் இங்கே வாளை உயர்த்தினர். மாந்தையிலிருந்து மாதா திருவுருவத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் சென்ற மக்களால்தான் மடுத் திருத்தலம் உண்டாயிற்று என்பது ஈழத் தமிழர் மரபு. கும்மிடிப்பூண்டி முகாமில் நெடுங்காலமாக வாழும் ஈழத்துக் குடும்பங்களைக் கேட்டால் மடு மாதாவின் வரலாற்றை நம்மைவிட நன்றாகச் சொல்லுவர். குருக்கள் ஒருவரும் இன்றித் தவித்த அம்மக்களைத் தேடி, 1687-இல் கோவாவைச் சேர்ந்த யோசேப்பு வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் வேடத்தில் வந்தார். கழுத்தில் பெரிய செபமாலை ஒன்றை அணிந்துகொண்டு வீடு வீடாய்ப் பிச்சை கேட்டார். அதைக் கண்டு எந்த வீட்டார் கண் கலங்குகின்றனரோ அவர் நம்மவர் என அறிந்துகொண்டார். 2015 சனவரி 14 அன்று கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

இன்னொரு வியப்பு. 1741-இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மரின் படை டச்சுக்காரரை முறியடித்தது. சிறைப்பட்டவருள் எஸ்தாக்கியு டிலனாய் என்பவர், கம்பெனியின் படையில் இருந்தாலும் கத்தோலிக்கர். பின்னர்த் திருவிதாங்கூர்ப் படைக்குப் பயிற்சி அளித்தார். துன்பத்தில் வாடியிருந்த அரண்மனை அலுவலர் நீலகண்ட பிள்ளைக்கு யோபுவின் வரலாற்றைச் சொன்னவர் இவரே. நீலகண்ட பிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 சனவரி 14 அன்று காற்றாடிமலையில் மறைசாட்சியாகச் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஹாலந்தில் கத்தோலிக்க ஆயர்கள் மீண்டும் அமர்ந்தது 1853-இல். அதன்பின் அச்சிறு நாடு உலகெங்கும் குருக்களையும் கன்னியரையும் அனுப்பியது. எளாவூருக்கு வடக்கே எல்லையைத் தாண்டியதும் தொடங்கும் நெல்லூர் மறைமாவட்டம் 1928-இல் நிறுவப்பட்டபோது மில்ஹில் சபையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அச்சபை லண்டனில் தோன்றியதாயினும் அதன் குருக்களுள் டச்சு நாட்டவர் மிகுதி.

அந்நாட்டுத் திருச்சபையின் பெருமைக்குரிய நாள் 1942 சூலை 26, ஞாயிறு. நாசிகள் யூதர்களைக் கடத்திச் செல்வதைக் கண்டிக்கும் ஆயர்களின் மடல் அன்று கோயில்தோறும் வாசிக்கப்பட்டது. ஒரு வாரத்துக்குள் பழிவாங்கல் தொடங்கியது; யூத குலத்தில் பிறந்து கத்தோலிக்கரானோர் பிடிக்கப்பட்டனர். எக்ட் நகரின் கார்மேல் மடத்திலிருந்த எடித் ஸ்டைன் அருட்சகோதரியும் அவர்களுள் ஒருவர். மடல் வாசிக்கப்பட்ட அதே ஞாயிறன்று, டாக்காவ் முகாமில் தீத்துஸ் பிராண்ட்ஸ்மா என்னும் கார்மேல் குரு நச்சூசியால் கொல்லப்பட்டார். பிரீஸ்லாந்தின் பால் பண்ணையாளர் ஒருவரின் மகன் அவர், பேராசிரியர், இதழாளர். நாசிகளின் விளம்பரத்தை வெளியிடாதீர் என்று கத்தோலிக்க இதழ்களின் ஆசிரியர்களை நேரில் சென்று கேட்டுக்கொண்டதே அவர் செய்த குற்றம். தமக்கு ஊசி போடவிருந்த தாதிக்குத் தம் செபமாலையை ஈந்தார். தனக்குச் செபிக்கத் தெரியாது என்றாள் அவள். "பாவிகளாகிய எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்ற பகுதியை மட்டும் சொன்னால் போதும் என்றார். பின்னாளில் அவளே வந்து சாட்சி சொன்னாள். 2022 மே 15 அன்று உரோமையில் தீத்துஸ் அடிகளாரும் நம் தேவசகாயமும் ஒரே திருப்பலியில் புனிதர்களாக அறிவிக்கப்பட்டனர்.

இன்றைய ஹாலந்தில் மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் எச்சமயத்தையும் சேராதவர். கோயில்கள் மூடப்படுகின்றன. மாஸ்ட்ரிக்ட் நகரின் பழைய தொமினிக்கர் கோயில் 2006 முதல் புத்தகக் கடையாக இயங்குகிறது. ஆயினும் ஒன்று நிற்கவில்லை. 1345-இல் ஆம்ஸ்டர்டாமில் நெருப்பில் விழுந்தும் எரியாத திருவப்பத்தின் நினைவாக நடந்த பவனியைப் புதிய அரசு தடுத்தது. வழிபாட்டுப் பவனிகளுக்கான தடை 1980-களில்தான் சட்டத்திலிருந்து நீங்கியது. சிலுவையின்றி, கொடியின்றி, பாடலின்றி நடந்தால் எந்தச் சட்டம் தடுக்கும் என்று 1881-இல் சில கத்தோலிக்கர் இரவில் அவ்வழியே பேசாது நடந்தனர். தடை நீங்கிய பின்னும் அவர்கள் வாய் திறக்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் மார்ச்சுத் திங்களில் ஓரிரவு, ஆயிரக்கணக்கானோர் அந்நகரின் ஒடுங்கிய தெருக்களில் இன்றும் பேசாமல் நடந்து செல்கின்றனர்.